பெரியவர் சொன்னார் என்று எழுதியிருந்தது

பூஞ்சேரி கூட்ரோட்டில் எங்கள் வேன் ஆள் ஏற்றும் இடத்தை ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற நாலு நாள் ஆகும் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு வந்த கோபம் இன்னும்கூட முழுசாக இறங்கவில்லை.

"நாலு நாளா? இன்னாம்மா பேசற நீ? ரோட்ட தாண்ட எனக்கு அர நிமிசம் ஆவும்."

"நீங்க தாண்டிடுவீங்க சார். புரோகிராம் தாண்டணுமே."

அவள் என்னிடம் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியர். சதுரங்கப்பட்டினத்துப் பெண், கோட்டைக்குப் பின்னால் வீடு. எங்கள் ஷெட்டுக்கு மேலே ஏசி போட்ட ஒரே அறை அவளுடையதுதான். எனக்கே ஃபேன்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் யாரைக் கேட்டாலும் எங்கள் ஷெட்டைக் காட்டுவார்கள்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். இன்றைக்கு என் ஷெட்டில் நாற்பது வேனுக்கு மேல் நிற்கிறது. மாமல்லபுரம், திருப்போரூர், கேளம்பாக்கம் என்று அள்ளிக்கொண்டு போய் நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் இறக்குகிறோம். அங்கே உட்கார்ந்து அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்கிற பிள்ளைகள் நேரத்துக்கு உட்கார்கிறார்கள் என்றால் அதற்கு நான்தான் காரணம். பெரிய படிப்புப் படித்தவர் ஒருத்தர் எனக்குப் போட்டியாக வேன் கம்பெனி ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் மூடிவிட்டார். அவருடைய வேன்கள் ஆறு இப்போது என்னிடம் ஓடுகின்றன.

மற்றவர்கள் எல்லாம் பேப்பரில் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தபோதே நான் சொந்தமாகப் புரோகிராம் எழுத வைத்தேன். எட்டு வருஷம் இருக்கும். எந்த வேன் யாரை எங்கே எந்த வரிசையில் ஏற்றவேண்டும் என்று அதுதான் முடிவு செய்து, டிரைவர்களின் போனுக்கு அனுப்பும். மூன்று பேர் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தப் பெண் நாலாவது.

என்னிடம் ஒரு குணம். சும்மா இருக்க வராது. ரோட்டில் போவேன், ஒரு வேன் தேவையில்லாத இடத்தில் நிற்பதைப் பார்ப்பேன், உடனே மேலே போன் அடிப்பேன். "அத மாத்து." முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முதலாளி காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்? அப்படித்தான் நான் இந்தத் தொழிலைக் கட்டினேன்.

நாலு நாள் பேச்சு நடந்த மறுநாள் அவள் என்னை மேலே வரச் சொன்னாள். கம்ப்யூட்டரில் ஒரு படம். வெள்ளைத் தரையில் வட்டங்கள், சின்னதும் பெரிதுமாக. பெரும்பாலும் வெளிறிக் கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் தாம்பாளம் அளவுக்கு, ரத்தச் சிவப்பாக இருந்தது.

"இது ஒரு டூல் சார். நம்ம புரோகிராம்ல இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் ஒரு வட்டம். உள்ள எவ்ளோ சிக்கலா இருக்கோ அவ்ளோ பெருசா காட்டும். எத்தன தடவ அதுல கைய வெச்சோமோ அவ்ளோ செவப்பா காட்டும்."

"அந்தா ஓரத்துல ஒண்ணு பெருசா கீதே, அது ஏன் செவப்பா இல்ல?"

"அது பழைய பில் போடறது சார். ரொம்ப அசிங்கமா எழுதியிருக்காங்க. ஆனா மூணு வருஷமா யாரும் தொடல. அது பாட்டுக்கு ஓடுது, விட்டுடலாம். அசிங்கமாவும் இருந்து, தெனமும் கை வெக்கிற மாதிரியும் இருந்தாத்தான் ஆபத்து."

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஷெட்டில் ஒரு பழைய வேன், கல்யாணத்துக்கு மட்டும் எடுப்போம். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். அதை நான் ரிப்பேர் செய்வதில்லை. தினம் நாவலூர் போகிற வண்டியில் சின்ன சத்தம் கேட்டாலும் பிரித்துவிடுவேன். படிக்காமல் எனக்குத் தெரிந்ததைத்தான் அந்த டூல் கலர் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அவளிடமும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

சிவப்பு வட்டம் எதுவென்று கேட்டேன். ஆட்களை வேனுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஃபைலாம். எங்கள் தொழிலின் உயிரே அதுதான்.

"யாரு இத்தினி தடவ கைய வெச்சது?"

அவள் வட்டத்தின் மேல் அழுத்தினாள். நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் என்ன மாற்றினோம், எதற்கு என்று ஒரு வரி எழுதிவைக்கவேண்டுமாம், அது அவர்கள் வழக்கம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நம்பர் பிளேட் படிக்கிற மாதிரி நான் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பெரியவர் சொன்னார். அடுத்த வரி. பெரியவர் சொன்னார். பெரியவர் போன்ல சொன்னார். பெரியவர் சொன்னார், அவசரம். பெரியவர் சொன்னார், நேத்து சொன்னத மாத்தச் சொன்னார்.

பெரியவர் என்றால் நான்தான்.

அவள் உருட்டிக்கொண்டே போனாள். அவளுக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் வேறு வேறு ஆள், வேறு வேறு வருஷம், எழுதியது ஒரே வரி. எதற்கு என்பதற்கு அவர்களிடம் இருந்த பதில் அவ்வளவுதான். பக்கத்தில் டூல் ஒரு கோடு இழுத்துக் காட்டியது. முதல் வருஷம் ஒரு மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. கோடு மேலே மேலே ஏறி, பூஞ்சேரி கூட்ரோட்டுக்கு நாலு நாளில் வந்து நின்றது.

"இத்த இன்னா பண்ணணும்ன்ற?"

"ரீஃபாக்டர் பண்ணணும் சார். வெளிய நடக்கிற வேலை அப்படியே நடக்கும். உள்ள இருக்கறதப் பிரிச்சு ஒழுங்கா அடுக்கணும். மூணு வாரம் வேணும். அந்த மூணு வாரம் நீங்க எதையும் மாத்தச் சொல்லக் கூடாது."

"டூலு மூணு வாரம்னு சொல்லுதா?"

"டூல் எங்கன்னு காட்டும் சார். எப்பன்னு நாமதான் சொல்லணும். இப்ப பண்ணலன்னா ஒண்ணாந்தேதி தாங்காது."

ஒண்ணாம் தேதி என்றதும் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நாவலூரில் ஒரு கம்பெனி, அதுவரை ஒரு கட்டடத்துக்கு மட்டும் எங்களிடம் வண்டி எடுத்தது, அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து மூன்று கட்டடத்துக்கும் எங்களையே வண்டி போடச் சொல்லியிருந்தது. முதல் பதினைந்து நாள் பார்ப்பார்கள். ஆள் விட்டுப்போனாலோ வண்டி தப்பாகப் போனாலோ மூன்றும் போய்விடும், ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றும் சேர்ந்து. எனக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

சரி என்றேன். அவள் இன்னொன்றும் கேட்டாள். தினமும் காலை பத்து மணிக்கு நான் மேலே வந்து உட்கார்ந்து, அந்த ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லவேண்டும். காரணம் தெரியாமல் பிரித்தால் எதை எதோடு வைப்பது என்று தெரியாதாம். நியாயம்தான்.

முதல் நாலைந்து நாள் எனக்குத் திருவிழா. அவள் திரையில் ஒரு விதியைப் படிப்பாள், நான் கதை சொல்வேன். சில தேதிகளில் திருக்கழுக்குன்றம் வண்டிகள் நாற்பது நிமிஷம் முன்னாலேயே கிளம்பவேண்டும் என்று இருந்தது.

"பௌர்ணமிம்மா. மலைய சுத்தறதுக்கு ஜனம் வரும். ரோடு அடைச்சிக்கும்."

"அப்ப இந்தத் தேதி?"

"மாசி மகம். மாமல்லபுரம் பீச்சுல கால் வெக்க எடம் இருக்காது."

"இது ஆறு வருஷத்துக்கு முன்னால வந்த மாசி மகம் சார். ஒவ்வொரு வருஷத்துத் தேதியும் உள்ளயே கெடக்கு. தெனமும் எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் வண்டி அனுப்புது."

அவள் பௌர்ணமியை எல்லாம் ஒரு தனி இடத்தில் காலண்டராகச் சேர்த்தாள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாட்கள், ஊருக்கு ஊர் வேறு, அதையும் அங்கேயே போட்டாள். இருட்டு நேரத்தில் ஒரு பெண்ணைத் தனியாக வண்டியின் முதல் ஆளாக ஏற்றக்கூடாது என்ற விதி பதினோரு இடத்தில் பதினோரு மாதிரி எழுதியிருந்தது. அதை ஒரே இடத்தில் வைத்தாள். இவ்வளவும் என் தலையில் இருந்து வந்தது என்று நினைக்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் இதைச் சொல்லியிருப்பாரா?

பத்து மணிக்குப் பிறகுதான் கஷ்டம். மாத்தச் சொல்லக் கூடாது. கண்ணில் படுவதையெல்லாம் என்ன செய்வது? கேளம்பாக்கத்தில் ஒரு வேன் வெயிலில் நிற்கிறது, பத்தடி தள்ளி நிழல் இருக்கிறது. கை போனுக்குப் போகும். எடுத்துப் பாக்கெட்டில் போடுவேன். ஷெட்டைச் சுற்றி நடப்பேன். ஒரு நாள் தாங்காமல் மேலே ஏறிப் போனேன்.

"சின்னதா ஒண்ணே ஒண்ணும்மா."

"சின்னதுன்னு ஒண்ணு இல்ல சார். எழுதி வெச்சுக்குங்க, ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் பாக்கலாம்."

வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "அந்தக் காலக் கட்டிப் போட்டுட்டு சோறு துன்னுய்யா, மேஜையே ஆடுது" என்றாள் வீட்டுக்காரி.

இரண்டாவது வாரம் நான் ஒரு தப்பு செய்தேன்.

அவள் படித்தாள்: "ஏழாம் நம்பர் வண்டி, செவ்வாய்க்கிழமை காலைல மட்டும் பூஞ்சேரில ஆள் ஏத்தக் கூடாது. ஏன் சார்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு பொட்டும் வரவில்லை. எழுபதைத் தொடப்போகிறேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லி வந்த வாய் அது. அவள் பேனாவை வைத்துக்கொண்டு பார்க்கிறாள். தெரியாது என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

"அந்த டிரைவரு செவ்வாக்கெழம விரதம். முருகன் கோயிலுக்குப் போயிட்டு வருவான். லேட்டாவும்."

எழுதிக்கொண்டாள். அப்போது அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. காலியாக இருந்த இடத்தை நிரப்பினேன், அவ்வளவுதான். ஒன்று நிரப்பிய பிறகு அடுத்தது சுலபம். அந்த வாரம் முழுக்க, ஞாபகம் இருந்ததைச் சொன்னேன், இல்லாததைச் செய்து சொன்னேன்.

நாலு நாள் கழித்து ஏழாம் நம்பர் டிரைவர் ஷெட்டில் என்னிடம் வந்தான். ஷேர் ஆட்டோ காலத்திலிருந்து என்னோடு இருப்பவன். என்னை அண்ணாத்த என்று கூப்பிட்டு எதிரில் நின்று கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள்.

"இன்னா அண்ணாத்த, என் தோள்ல காவடி எப்ப ஏத்தப் போற?"

"இன்னாடா?"

"மேல அந்தப் பொண்ணு கூப்ட்டுச்சு. 'அண்ணா, உங்க விரத நேரம் இன்னா, கோயில்லேர்ந்து எத்தினி மணிக்கு வருவீங்க'ன்னு கேக்குது. டிரைவருங்களுக்குன்னே தனியா ஒரு ஏற்பாடு பண்ணிகினு கீதாம், மூணு நாளா. நான் செவ்வாக்கெழமதான் மீனே துன்றது. உன் மானம் போவக்கூடாதுன்னு ஆறரைன்னு சொல்லிட்டு வந்தேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப பூஞ்சேரில நீ ஏன் நிக்கல?"

அவன் சிரித்துச் சிரித்து டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். "மறந்துட்டியா? உன் பொண்ணு கல்யாணம். செவ்வாக்கெழமன்னா பத்திரிக வெக்க வீட்டாளுங்களோட என் வண்டில ஏறிக்குவ, எடம் இருக்காது. பூஞ்சேரி ஆளுங்கள எட்டாம் நம்பர்ல ஏத்தச் சொல்லி நீதான் போன் அடிச்ச. ஆறு வாரம். இப்ப உன் பேத்தி இஸ்கூலுக்குப் போவுது, நான் இன்னும் செவ்வாக்கெழமன்னா பூஞ்சேரிய காலியா தாண்டிப் போய்கினு கீறேன்."

"ஏன்டா ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சொன்னது அண்ணாத்த. நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

ஒண்ணாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் மூன்று நாளை இல்லாத விரதத்துக்குச் செலவழித்திருக்கிறாள். நான் நிரப்பிக் கொடுத்த மற்ற இடங்களில் எத்தனை நாள் போனதோ. அதைவிட மோசம், அந்தக் கதைகளின் மேல்தான் இப்போது எல்லாம் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. படி ஏறப் போனேன், பாதியில் திரும்பினேன். டீ குடித்தேன். மறுபடி ஏறினேன். வாசலில் அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அதைச் சாக்காக வைத்துத் திரும்பினேன். மூன்றாவது முறை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த செவ்வாக்கெழம சமாச்சாரம். அது நெசம் இல்லம்மா. எனக்கு ஞாபகம் இல்ல. சும்மா சொன்னேன்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். காரணங்கள் எழுதிய நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது மட்டும்தானா சார்?"

"இல்ல."

அவள் எழுதி வைத்திருந்த காரணங்களை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் நெசம், நெசம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பதினாலு வந்தது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இத்தனை முறை தெரியாது என்று சொன்னதில்லை. ஏசி போட்ட அறையில் சட்டை நனைந்துவிட்டது.

பிறகு டிரைவரை மேலே கூப்பிட்டோம். ஆறுக்கு அவனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஒன்று, எப்போதோ ரோடு தோண்டியது. ஒன்று, நான் யாரோடோ போட்ட சண்டை. எல்லாம் முடிந்துபோன கதை. மிச்சம் எட்டு. யாருக்கும் தெரியவில்லை.

"தெரியலன்னா ஓட்டிப் பாப்போம் சார்" என்றாள். போன ஆறு மாதம் ஓடின டிரிப் எல்லாவற்றையும், அந்த விதி இருந்து ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட வைத்தாள். ஏழு விதிகளை எடுத்தாலும் ஒரு வண்டிகூட மாறிப் போகவில்லை. வெட்டிப் போட்டாள். எட்டாவது, மாமல்லபுரம் வண்டி ஒன்றைக் குறிப்பிட்ட இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்க வைப்பது. எடுத்தால் பதினேழு பேர் வேறு வண்டிக்கு மாறினார்கள். அதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். தமிழ் எழுத்திலேயே எழுதச் சொன்னேன், எனக்குப் படிக்க வரட்டும் என்று. 'காரணம் யாருக்கும் தெரியாது. விசாரிக்காமல் தொட வேண்டாம்.'

விரத ஏற்பாடு முழுவதையும் அழித்தாள். அன்றிலிருந்து சனி ஞாயிறும் வந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன், எனக்கு வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும். கடைசியாக டூலைத் திறந்தபோது அந்தத் தாம்பாளம் இல்லை. அந்த இடத்தில் சின்னச் சின்னதாக ஒன்பது வட்டம். இரண்டு மட்டும் இன்னும் ஆரஞ்சு.

"அதையும் வெள்ளையாக்கிடும்மா."

"வேணாம் சார். நேரம் இல்ல. அது இப்ப ஆபத்தும் இல்ல."

ஒண்ணாம் தேதி காலை ஆறரைக்கெல்லாம் நாவலூரில் அந்தக் கம்பெனி வாசலில் நின்றேன். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி கையில் பேப்பரோடு நின்றார். ஷிப்ட் எட்டு மணிக்கு. ஏழரையிலிருந்து வேன்கள் வர ஆரம்பித்தன. செங்கல்பட்டு வண்டி, கேளம்பாக்கம் வண்டிகள், சதுரங்கப்பட்டினம் வண்டி. ஏழாம் நம்பரில் பூஞ்சேரி ஆட்கள் இறங்கினார்கள். டிரைவர் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "அரோகரா" என்றான். நான் சிரிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்து வண்டி ஒன்று இன்னும் வரவில்லை.

ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்தி மூன்று. அதிகாரி பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். நான் கேட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். ஏழு ஐம்பத்தி எட்டுக்கு வண்டி திரும்பி உள்ளே வந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கி ஓடினார்கள். அதிகாரி ஒரு டிக் போட்டார். "இன்னும் பதினாலு நாள் இருக்கு" என்றார்.

கை தானாகப் போனுக்குப் போனது. அந்த வண்டியைப் பத்து நிமிஷம் முன்னால் கிளப்பச் சொல்லவேண்டும். அவள் எடுக்கவில்லை. பதிலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. இன்றிலிருந்து மாற்றம் கேட்பதற்கு ஒரு ஃபாரம் வைத்திருக்கிறாளாம், அதில் எழுதி அனுப்பவேண்டுமாம். திறந்தேன். இரண்டே கட்டம். என்ன மாற்றணும். ஏன் மாற்றணும்.

முதல் கட்டத்தை உடனே நிரப்பினேன். இரண்டாவதில் 'ரோடு நெரிசல்' என்று எழுதினேன். டிரைவரைக் கேட்டேன், நெரிசல் இல்லை, ஒரு ஆள் அடையாள அட்டையை மறந்து வீட்டுக்குத் திரும்பி ஓடினான், அதற்குக் காத்திருந்தேன் என்றான். அழித்தேன். 'எதுக்கும் நல்லது' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். காலைவெயில் போன் கண்ணாடியில் அடித்தது. கேட் வாட்ச்மேன் ஓரமாகப் போகச் சொன்னார். ஓரமாகப் போய் நின்று எழுதினேன்: 'நான் பயந்துட்டேன்.'

அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'ஒரு நாள் வெச்சு மாத்த வேணாம் சார். மூணு நாள் பாப்போம்.'

மூன்று நாள். மறுநாளும் ஆறரைக்கே போய் நின்றேன்.